அற்புதக் கதைகளும் இரட்டை நீதியும்

(பதுளையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டும் பாடியும் ஆடியும் வாசித்தும் மகிழ்ந்துவரும் அற்புதக் கதைகளிலே ஆணுக்கு ஒரு நீதியும் பெண்ணுக்கு வேறொரு நீதியும் வழங்கப்பட்டு வருவதைப் பற்றியே இன்று உங்கள் முன்னிலையில் பேச விரும்புகிறேன். அற்புதக் கதை என்று நான் சொல்வது, சாபமும் வரமும், மாயமும் மந்திரமும், செத்தவர் பிழைப்பதும் கல் பெண்ணாவதும் இயல்பாக நிகழ்கின்ற கதைகள் அனைத்தையுந்தான். அவை இதிகாச புராணங்களாக இருக்கலாம். காமன் பொட்டலில் தப்பொலிக்கு நடுவே ஆடப்படும் கூத்தாக இருக்கலாம். முன்னாளில் தேயிலைத் தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட பெரிய எழுத்துப் புத்தகமாக இருக்கலாம். இந்நாளில் நம் பிள்ளைகள் கைப்பேசியில் கண்டு களிக்கும் மேல்நாட்டுத் தொடராகவும் இருக்கலாம். வடிவம் வேறாயினும் இவற்றின் சுபாவம் ஒன்றே.

உலக வாழ்க்கையை உள்ளபடி எழுதுகிறவனுக்கு ஒரு சமாதானம் உண்டு. சமூகம் பெண்ணை இப்படி நடத்துகிறது, ஆகவே நானும் அப்படி எழுதினேன் என்று அவன் சொல்லிக்கொள்ளலாம். அற்புதக் கதை சொல்லுகிறவனுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. அவன் எதற்கும் கட்டுப்பட்டவன் அல்லன். கடலைத் தாண்ட வைக்கிறான், மலையைத் தூக்க வைக்கிறான், பத்துத் தலையும் இருபது கையும் கொடுக்கிறான், சாம்பலிலிருந்து உயிரை எழுப்புகிறான். இத்தனையையும் கற்பனை செய்யத் துணிந்த அவனுடைய மனம், ஒரே குற்றத்துக்கு ஆணும் பெண்ணும் ஒரே தண்டனை பெறுகின்ற ஓர் உலகத்தை மட்டும் கற்பனை செய்யத் துணியவில்லை என்றால், அந்தக் குறை கதையின் குறையன்று. கதையைச் சொன்னவர்களும் கேட்டவர்களுமாகிய நம்முடைய குறை என்பதே என் துணிபு. அதனாலேதான் இந்த விஷயத்தை ஆராய்வதற்கு அற்புதக் கதைகளைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் நம் வாசலிலிருந்தே தொடங்குவோம். நாம் வாழும் இந்த ஊவா மாகாணம் இராமாயணக் கதையோடு ஒட்டிக் கிடக்கின்ற பூமி. எல்லவிலே இராவணன் பெயரால் அருவி இருக்கிறது, குகை இருக்கிறது. வெலிமடைக்கு அருகே திவுரும்பொல என்னும் இடத்தில் உள்ள பௌத்த விகாரையின் வளாகத்தில், சீதை தீப்புகுந்து தன் தூய்மையை நிலைநாட்டிய தலம் இதுவே என்று மக்கள் நெடுங்காலமாக நம்பி வணங்குகிறார்கள். சிங்களவரும் தமிழரும் அங்கே போகிறார்கள். இந்தியாவிலிருந்து யாத்திரிகரும் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தத் தலத்தில் நிற்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழுந்தே தீரவேண்டும். கணவனும் மனைவியும் பிரிந்திருந்த காலம் இருவருக்கும் ஒன்றே. அவள் அசோகவனத்தில் காவலுக்கு நடுவே இருந்தாள். அவன் காட்டிலும் கிஷ்கிந்தையிலும் தன் விருப்பப்படி திரிய முடிந்தவனாக இருந்தான். அவளுடைய ஒழுக்கத்துக்கு நெருப்பு சாட்சியாக வேண்டியிருந்தது. அவனுடைய ஒழுக்கத்துக்கு யாரும் சாட்சி கேட்கவில்லை. கேட்கலாம் என்ற எண்ணமே அந்தச் சபையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இராவணன் தண்டனை பெற்றானே, அங்கே ஆணும் தண்டிக்கப்படவில்லையா என்று சிலர் கேட்பார்கள். குற்றம் செய்தவன் தண்டனை பெற்றதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. குற்றத்துக்கு இலக்கானவளும் தன்னை நிரூபிக்க வேண்டியிருந்தது என்பதே நாம் சிந்திக்க வேண்டிய விஷயம். நிரூபித்த பிறகாவது வழக்கு முடிந்ததா? உத்தரகாண்டத்தின்படி ஊரார் அபவாதம் மறுபடியும் எழுந்தது. கர்ப்பவதியான சீதை மறுபடியும் காட்டுக்கு அனுப்பப்பட்டாள். நெருப்புத் தேவனே நேரில் வந்து சொன்ன சாட்சி, தெருவிலே பேசியவர்களுடைய சொல்லுக்கு முன்னால் நிற்கவில்லை.

இனிச் சாபங்களைப் பார்ப்போம். அகலிகையின் கதை உங்கள் அனைவருக்கும் தெரியும். இந்திரன் கௌதமருடைய வேடம் பூண்டு வந்தான். இருவரும் சபிக்கப்பட்டனர். வான்மீகத்தில் அவள் காற்றையே உணவாகக் கொண்டு எவர் கண்ணுக்கும் புலப்படாமல் சாம்பலிற் கிடக்கிறாள். கம்பர் காவியத்தில் கல்லாகிறாள். அந்தக் காவியத்தில் இந்திரனுக்கோ உடம்பெங்கும் ஆயிரம் அடையாளங்கள் உண்டாக வேண்டுமென்று சாபம். பின்னர் அவை ஆயிரம் கண்களாக மாறின. ஆயிரங்கண்ணோன் என்பதே அவனுக்கு விருதுப்பெயராயிற்று. தேவராஜ பதவியில் அவன் தொடர்ந்து வீற்றிருந்தான். அர்ச்சுனனுக்கு ஊர்வசி இட்ட சாபமும் அப்படியே. ஆண்மை இழந்து பேடியாகக் கடவாய் என்று அவள் கோபித்துச் சொன்னது, விராட நகரத்தில் ஓராண்டு மறைந்து வாழ்வதற்கு வாய்ப்பான வேடமாக அவனுக்குப் பயன்பட்டது. ஆணுக்கு விழுந்த சாபம் ஆபரணமாகிறது அல்லது உபகாரமாகிறது. பெண்ணுக்கு விழுந்த சாபம் கல்லாகக் கிடக்கிறது, ஓர் ஆணின் பாதம் வந்து படுகிறவரையில்.

அர்ச்சுனன் பெயரை எடுத்துவிட்டேன்; நம் தோட்டங்களில் அவனுடைய தபசுக் கூத்துக்கு உள்ள கௌரவம் பெரிது. உயர்ந்த தபசு மரத்தின்மேல் ஏறி அந்த வேடதாரி நிற்கும்போது கீழே நிற்கும் ஜனங்கள் கைகூப்புகிறார்கள். அந்தப் பக்தியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆயினும் மகாபாரதத்தையே சாட்சியாக வைத்து ஒன்று கேட்கிறேன். திரௌபதியைப் பற்றிய உடன்படிக்கையை மீறியதற்காக அர்ச்சுனன் பன்னிரண்டு வருஷம் பிரமசரிய விரதத்தோடு வனவாசம் செய்ய வேண்டுமென்பது ஏற்பாடு. அந்தக் காலத்திலேதான் உலூபியையும் சித்திராங்கதையையும் சுபத்திரையையும் அவன் அடைந்தான். விரதபங்கம் என்று எவரும் அவனைத் தூற்றவில்லை. பாரதத்தின் இறுதியில் பாண்டவர்கள் இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். வழியில் முதலில் விழுந்தவள் திரௌபதி. ஏன் விழுந்தாள் என்று பீமன் கேட்க, ஐவரையும் சமமாக நேசிக்க வேண்டியவள் அர்ச்சுனனிடம் சற்று அதிகமாக அன்பு வைத்தாள், அதுவே காரணம் என்று தருமபுத்திரர் தீர்ப்புச் சொல்கிறார். பின்னர் அர்ச்சுனனும் விழுகிறான். அவனுக்குச் சொல்லப்பட்ட காரணம், பகைவரை ஒரே நாளில் அழிப்பேன் என்று வீரம் பேசிய கர்வம். பல மனைவியரைக் கொண்டவனிடம் அவர்களைச் சமமாக நேசித்தாயா என்ற கேள்வி எழவில்லை. தன் விருப்பத்தினாலன்றி ஐவருக்கு மனைவியானவளுக்கோ, தன் கணவரில் ஒருவரைச் சற்று மிகுதியாக நேசித்ததே பாவமாயிற்று. சுவர்க்கத்தின் வாசலிலும் இரண்டு சட்டம் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் நான் வாசித்த கதைகளில் இல்லை.

கொழுந்து மடுவத்தில் தராசின் முன்னே நிற்கும் தாய்மாருக்கு நான் சொல்வது உடனே விளங்கும். தண்ணீருக்கு என்றும் கூடைக்கு என்றும் கழிவு பிடித்த பிறகே நீங்கள் பறித்த கொழுந்தின் எடை ஏட்டில் ஏறுகிறது. நம் கதைகளிலும் பெண்ணுடைய புண்ணியத்தை நிறுக்கும்போது அப்படியொரு கழிவு பிடிக்கப்படுகிறது. ஆணுடைய புண்ணியமோ மொத்த எடைக்கும் பெயர் போடப்படுகிறது.

அடுத்தபடியாக, ஆயுதம் ஏந்திய பெண்களை இந்தக் கதைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். புகழேந்தியின் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலையில், அல்லி மதுரையை ஆளுகின்ற அரசி. பெண்களே அவளுக்கு மந்திரிகள், பெண்களே சேனை. எந்த ஆணுக்கும் அவள் அடங்கியவள் அல்லள். அவளை மணக்க விரும்பிய அர்ச்சுனன் போரிலே வென்று மணந்தானா? அவள் சம்மதம் பெற்று மணந்தானா? இரண்டுமில்லை. கண்ணனுடைய உதவியோடு பாம்பாகவும் வேறு வேடங்களிலும் அந்தப்புரத்துக்குள் நுழைந்து, அவள் உறங்கிக்கொண்டிருக்கும்போது தாலியைக் கட்டினான் என்று கதை சொல்லுகிறது. விழித்த பிறகு அவள் கொண்ட கோபத்தைக் கதை அகங்காரம் என்கிறது. அவன் செய்த வஞ்சனையைச் சாமர்த்தியம் என்கிறது. பிறகு அவர்கள் மகன் விளையாடுவதற்குப் பவளத் தேர் தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடி என்ற பெண்ணை மணந்துகொண்டு திரும்புகிறான். அந்தக் கதை நாடக மேடைகளிலெல்லாம் ஆடப்பட்டு, 1934இல் தியாகராஜ பாகவதரின் முதல் திரைப்படமாகவும் வந்தது. அதைக் கண்டு களித்த ஜனத்திரளில் எத்தனைபேர் அல்லியின் பக்கத்து நியாயத்தை நினைத்திருப்பார்கள்?

திருவிளையாடலில் வரும் தடாதகைப் பிராட்டி எட்டுத் திசையும் வென்ற வீராங்கனை. கயிலையிலே சிவபெருமானைக் கண்டமாத்திரத்தில் அவளுடைய மூன்றாவது ஸ்தனம் மறைகிறது; வில் தாழ்கிறது; நாணம் வருகிறது. இதே அடையாளம் பிற்காலச் சிங்கள மரபில் குவேனிக்கும் சொல்லப்படுகிறது. விஜயனைக் கண்டவுடன் அவளுக்கும் மூன்றாவது ஸ்தனம் மறைந்ததாம். குவேனியின் கதையை இந்த நாட்டில் பிறந்த நாம் இன்னும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். மகாவம்சத்தின்படி விஜயன், தன் தந்தையின் நாட்டிலே செய்த அக்கிரமங்களுக்காக எழுநூறு தோழர்களோடு கடலில் அனுப்பப்பட்டவன். இலங்கையில் அவனுக்கு இடங்கொடுத்தவள் குவேனி. அவனுக்காகத் தன் இனத்தாரையே காட்டிக்கொடுத்தவள். அவனுக்கு இரண்டு மக்களைப் பெற்றவள். அரசனாக முடிசூட உயர்குலத்துப் பட்டத்தரசி வேண்டும் என்றானபோது, மதுரையிலிருந்து பாண்டிய இளவரசியை வரவழைத்துக்கொண்டு குவேனியை அவன் போகச் சொன்னான். அவள் தன் இனத்தாரிடம் திரும்பிப் போய் அவர்கள் கையாலேயே மாண்டாள். துரோகி என்ற பெயர் குவேனிக்கு. ஆதி மன்னன் என்ற பெயர் விஜயனுக்கு. தமிழரும் சிங்களவரும் எத்தனையோ விஷயங்களில் மாறுபட்டாலும், பெண்ணுக்குத் தீர்ப்புச் சொல்வதில் இரண்டு மரபும் கைகோத்துக்கொண்டிருப்பதைக் காணும்போது மனம் வருந்துகிறது.

இது கீழ்த்திசைக்கு மாத்திரம் உரிய வியாதியன்று. சுமார் 1200ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய மொழியில் எழுந்த நிபெலுங்கர் காவியத்தில் புரூன்ஹில்டு என்னும் அரசி, தன்னைப் போட்டியில் வெல்லாதவனை மணக்கமாட்டேன் என்கிறாள். குந்தர் என்ற அரசனுக்காக, சீக்பிரீட் என்ற வீரன் மாயப் போர்வையால் உருவத்தை மறைத்துக்கொண்டு அவளை இருமுறை ஏமாற்றி அடக்குகிறான். அதன்பின் அவளுடைய பலம் போய்விடுகிறது. அல்லியின் உறக்கத்துக்கும் இந்த மாயப் போர்வைக்கும் என்ன வித்தியாசம்? ஆயிரத்தொரு இரவுகளில் வரும் ஷாரியார் மன்னன், ஒரு மனைவி செய்த பிழைக்காக நாள்தோறும் ஒரு கன்னியை மணந்து மறுநாட்காலையில் கொல்லுகிறான். முடிவில் மன்னிக்கப்பட்டு, மூன்று மக்களுக்குத் தந்தையாகிச் சௌக்கியமாக இருக்கிறான். 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த டோல்கீனுடைய ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நவீன அற்புதக் கதைகளுக்கெல்லாம் மூலநூலாகப் போற்றப்படுவது. அதிலே எந்த ஆண்மகனும் கொல்ல முடியாத கொடியோனைக் கொன்ற எயோவின் என்ற பெண், காதலனை அடைந்ததும் இனிப் போர்முகத்தை நாடேன் என்று வாளை வைத்துவிடுகிறாள். அவள் பக்கத்தில் நின்று போரிட்ட ஆண்கள் திருமணமானபோது ஒருவனும் வாளை வைக்கவில்லை.

இக்காலத்து இளைஞர்கள் மிகுதியும் விரும்பிப் பார்த்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரில் ராபர்ட் என்ற மன்னனுக்கு ஊரெங்கும் மணவுறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைகள். அவன் மன்னனாகவே மடிகிறான். அவன் மனைவி செர்சியோ ஆடையின்றித் தெருவெங்கும் நடத்தப்பட்டுச் சேறும் வசையும் வாங்குகிறாள். செர்சி நல்லவள் அல்லள்; கொடுமைகள் பல செய்தவள். ஆனால் அந்தக் கொடுமைகளுக்காக அவள் அவ்வாறு நடத்தப்படவில்லை; ஒழுக்கம் தவறியதற்காகவே நடத்தப்பட்டாள். இதற்கு மூலமான நிகழ்ச்சி சரித்திரத்தில் உண்டு. 1483இல் லண்டன் மாநகரத்தில், நான்காம் எட்வர்டு மன்னனின் ஆசைநாயகியாக இருந்த ஜேன் ஷோர் என்ற பெண் பகிரங்கமாகத் தெருவில் நடந்து பிராயச்சித்தம் செய்ய நேர்ந்தது. மன்னன் தான் வாழ்ந்த காலத்தில் அதற்காக ஓரடியும் நடக்கவில்லை.

தமிழிலே 1950களில் ஒரு தலைமுறை முழுவதையும் மயக்கிய பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். அது சரித்திர நவீனம் எனினும் மாயக்கதையின் மயக்கம் அதில் நிறைய உண்டு. அதில் வரும் நந்தினி, காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனுடைய உயிருக்காக மன்றாடினாள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் அந்த மன்றாட்டைத் தள்ளி அவன் தலையைக் கொய்தான். பிறகு நடந்த சூழ்ச்சிகளுக்கு நந்தினி பொறுப்பாளியே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வாசகர்கள் பலருடைய நாவில் அவள் விஷநாகமாகவும், நிராயுதபாணியைக் கொன்றவன் இரங்கத்தக்க வீரனாகவும் நிலைத்துப்போனது எதனால்? அவள் அழகே அவளுக்கு எதிரான முதற் குற்றச்சாட்டாகிவிட்டது.

பொன்னர் சங்கர் கதையிலும் இதன் இன்னொரு முகம் உண்டு. அண்ணன்மார் இருவரும் மனைவியரைத் தீண்டாமல் விரதம் காத்தது வீரத்தின் சிகரமாகப் பாடப்படுகிறது. அந்த விரதத்தினால் வாழ்வு வீணாகிப்போன மனைவியரிடம் உங்களுக்கு இது சம்மதமா என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. வருவதை முன்கூட்டியே கனவில் காணும் தங்கை தங்காளுடைய தெய்வ சக்தியும் அண்ணன்மாரின் புகழுக்கே பயன்படுகிறது. சிலப்பதிகாரத்தில்கூட, பாண்டியன் அவையில் நின்று நீதி கேட்டு ஒரு நகரத்தையே எரித்த கண்ணகி, அரசன் செய்த பிழையை வழக்காக்கினாள். வீட்டுக்குள்ளே கணவன் செய்த பிழை எந்த மன்றத்துக்கும் வரவில்லை.

இவை பழங்கதைகள், அக்காலத்து வழக்கம் அப்படி என்று சொல்லி இதனை ஒதுக்கிவிடக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கூடாது என்பதற்கு இரண்டு காரணம் சொல்வேன். ஒன்று, அக்காலத்தவரும் இக்காலத்தவருமாகப் பலர் இந்த அநீதியை உணர்ந்தே இருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வங்காளத்தில் சந்திராவதி என்ற பெண் கவிஞர் இராமாயணத்தைச் சீதையின் துயரமாகவே பாடினார். 1943இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘சாப விமோசனம்’ கதையில், சீதை தீக்குளித்த செய்தியைச் சீதை வாயிலாகவே கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். தமிழில் அந்தக் கேள்வியை அவ்வளவு உக்கிரமாகக் கேட்டவர் வேறொருவர் உண்டா என்பது சந்தேகமே. நம் காலத்தில் அம்பை ‘அடவி’ என்ற கதையில் சீதை தன் கதையைத் தானே எழுத முனைவதைக் காட்டியிருக்கிறார். ருக்கையா சகாவத் ஹுசேன் என்ற வங்கத்து முஸ்லிம் பெண்மணி, 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு மாதர் பத்திரிகையில் ‘சுல்தானாவின் கனவு’ என்ற அற்புதக் கதையை எழுதினார். அதில் ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள். பெண்கள் சூரிய வெப்பத்தைக் கருவியாக்கி நாட்டை ஆளுகிறார்கள். ஆண்களைப் பூட்டிவைக்க வேண்டுமென்பது அந்த அம்மையாரின் நோக்கமன்று. பூட்டப்பட்டிருப்பது எப்படி இருக்கும் என்று ஆண்கள் ஒரு கணமாவது உணர வேண்டுமென்பதே நோக்கம். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின், 1968இல் தாம் படைத்த எர்த்ஸீ என்னும் மாய உலகத்தில் மந்திரக் கல்விக்கூடத்தை ஆண்களுக்கே உரியதாக்கியிருந்தார். பெண்களின் மந்திரம் அங்கே இழிவாகக் கருதப்பட்டது. 1990இல் அதே உலகத்துக்குத் திரும்பி ‘தெஹானு’ என்ற நூலை எழுதி, அந்த நீதி சரிதானா என்று தாமே விசாரணை செய்தார். தாம் படைத்த உலகத்தைத் தாமே திருத்தத் துணிந்த அந்த நேர்மைக்கு நாம் தலைவணங்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நம் வாழ்க்கையிலே இருக்கிறது. கதைகளில் யாரை மன்னிக்க வேண்டும், யாரை மன்னிக்கக் கூடாது என்று குழந்தைப் பருவத்தில் கற்றுக்கொள்கிறவர்கள், வளர்ந்த பிறகு லயத்திலும் அதே தீர்ப்பைச் சொல்கிறார்கள். சம்பள நாளில் குடித்துவிட்டு வருகிறவனைப் பற்றி, ஆம்பிளை, அப்படித்தான் இருப்பான் என்று பேசி முடித்துவிடுகிறோம். குழந்தைகளின் படிப்புக்காக மத்தியகிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிற தாயைப் பற்றியோ, கொழும்பிலே தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டுத் திருநாளுக்கு ஊர் வருகிற பெண்ணைப் பற்றியோ, எப்படி இருந்தாளோ என்று ஒரு வாக்கியம் எங்கிருந்தோ எழுகிறது. திவுரும்பொலையில் மூட்டப்பட்ட தீ இன்னும் அணையவில்லை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா? தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே. ஆயினும் ஒரே நாளுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளமே பெண்ணுக்கு என்ற நிலைமை 1984வரையில் நீடித்தது. அவள் உழைத்த பணத்தைக் கணவனோ தகப்பனோ போய் வாங்கிக்கொள்வதும் பலகாலம் வழக்கமாக இருந்தது. ஆணின் வேலை மதியத்துக்குப் பின் முடிந்துவிடும் நாட்களிலும் பெண் மாலைவரை மலையில் நின்றாள். வந்து அடுப்பை மூட்டினாள். பெண்ணின் தியாகம் இயற்கை, ஆணின் தியாகம் காவியம் என்று கதை கற்பித்திருந்ததனாலேயே இதை அநியாயம் என்று நாம் உணர்வதற்கு இத்தனை காலம் ஆயிற்று.

ஆனால் நம்முடைய மலைகளிலேயே இதற்கு ஒரு மாற்றும் உண்டு. அதுவே காமன் கூத்து. மாசி மாதத்தில் அமாவாசை கழிந்து காமன் ஊன்றுவதும், பௌர்ணமியில் தகனமும், அதன்பின் மூன்றாம் நாள் அவனை உயிர்ப்பிப்பதும் நீங்கள் அறியாதவை அல்ல. இந்தக் கதையில் தேவர்களின் ஏவலுக்குக் கட்டுப்பட்டுச் சிவபெருமானின் தவத்தைக் கலைக்கப் போன மன்மதன் சாம்பலாகிறான். அப்போது கதையின் பாரம் முழுவதும் அவன் மனைவி ரதியின் தோள்மேல் ஏறுகிறது. போகாதே என்று முன்னமே எச்சரித்தவள் அவள். எரித்த கடவுளிடமே சென்று, ஏவியவர்கள் சுகமாக இருக்க ஏவப்பட்டவன் எரிவது என்ன நீதி என்று முறையிடுகிறவளும் அவளே. அவளை யாரும் சந்தேகிக்கவில்லை, சோதிக்கவில்லை, தீயில் இறங்கச் சொல்லவில்லை. அவள் முறையீட்டுக்குத் தெய்வம் இணங்குகிறது. ஏவலுக்கு உட்பட்டே வாழ்ந்த ஒரு தொழிலாள சமுதாயம் இந்தக் கூத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதில் ஆழ்ந்த பொருத்தம் இருக்கிறது. அற்புதக் கதை இரட்டை நீதியையே சொல்லியாக வேண்டும் என்ற விதி எதுவுமில்லை என்பதற்கு நம் காமன் பொட்டலே சாட்சி. எனினும் அந்த ரதி வேஷத்தை வழிவழியாக ஆண்களே கட்டி வருகிறார்கள். பெண்ணின் வழக்கைப் பேசும் குரலும் ஆணின் குரலாகவே இருந்துவிட்டது.

இந்த மண்ணில் பெண்குரல் ஒலிக்கவே இல்லையா என்றால், ஒலித்திருக்கிறது. 1930களில் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக இயற்றித் தாமே பாடி மக்களைத் திரட்டினார். 1964இல் கோகிலம் சுப்பையா ‘தூரத்துப் பச்சை’ என்ற நாவலில் தோட்டத்துப் பெண்ணின் வாழ்க்கையை எழுதினார். அவர்கள் உண்மையை எழுதிய துணிவோடு, நம் பெண்கள் இனி அற்புதத்தையும் எழுத வேண்டும்.

அப்படியானால் பழைய கதைகளைத் தள்ளிவிடுவதா? வேண்டாம். அவை நம்முடைய சொத்து. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர், கையில் ஒன்றுமில்லாதபோதும் நெஞ்சில் சுமந்துவந்த சொத்து. அவற்றைக் கொளுத்துவது அவர்களை அவமதிப்பதாகும். தஞ்சைப் பகுதியில் காமன் பண்டிகையின்போது லாவணி பாடுகிறவர்கள், காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும் எரியவில்லை என்று ஒரு கட்சியுமாகப் பிரிந்து விடியவிடிய வாதாடுவார்கள். தெய்வக் கதையை வாதத்துக்கு எடுத்துக்கொள்வது பக்திக்கு விரோதம் என்று அவர்கள் எண்ணவில்லை. அந்த மரபை நாம் இங்கே புதுப்பிக்கலாம். உறக்கத்தில் கட்டிய தாலி செல்லுமா, செல்லாதா? குவேனி துரோகியா, துரோகம் செய்யப்பட்டவளா? இமயத்து வழியில் முதலில் விழ வேண்டியவள் திரௌபதிதானா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆண்களும் பெண்களுமாக, இரண்டு கட்சியாக நின்று வாதாடட்டும். ஒரு தராசு என்று நான் சொல்வது பெண்ணுடைய தவறுகளை மூடி மறைப்பதற்கன்று; ஆணுக்குக் காட்டும் தயை அவளுக்கும், அவளிடம் கேட்கும் கணக்கு அவனிடமும் இருக்க வேண்டும் என்பதற்கே.

ஆகவே கூத்து வாத்தியார்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: அடுத்த மாசியில் ரதியின் முறையீட்டைப் பாட ஒரு பெண்ணுக்கு இடங்கொடுங்கள். ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்வது: இராமாயணம் நடத்தும் வகுப்பில் திவுரும்பொலையைப் பற்றியும் சொல்லுங்கள், சொல்லிவிட்டு, இராமனுக்கு ஏன் சோதனை இல்லை என்று பிள்ளைகளே கேட்கும்வரை காத்திருங்கள். தாய்மார்களைக் கேட்டுக்கொள்வது: மகனுக்கு ஒரு கதை, மகளுக்கு ஒரு கதை என்று பிரித்துச் சொல்லாதீர்கள், அல்லியின் கதையை இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லி, அவள் கோபம் நியாயமான கோபம் என்பதையும் சொல்லுங்கள். சம்பளத்தில் சமத்துவம் வருவதற்குப் பல தலைமுறையின் போராட்டமும் அரசாங்கத்தின் ஆணையும் வேண்டியிருந்தன. கதையில் சமநீதி வருவதற்கு எவருடைய ஆணையும் வேண்டியதில்லை. சொல்லுகிறவர்கள் மனம்வைத்தால் போதும். கேட்கிறவர்கள் வாய்திறந்து கேட்டால் போதும். இன்றே தொடங்குங்கள்.